பாலும் முடியும் ஒரே ஹார்மோனின் பிடியில்

கத்திரி வெயிலில் கலப்பின மாடு நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும். தீவனத்தில் வாய் வைக்காது. ஓரிரு நாளில் கறவை குறையும். கொட்டகையில் நம் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்பே மாட்டின் செல்களுக்குள் மரபணுக்கள் விழித்துக்கொண்டிருக்கும்.

உடல் வெப்பம் ஏறும்போது செல்லில் உள்ள புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். இவற்றைக் காப்பவை எச்.எஸ்.பி.70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். சாதாரண நாளில் இவை எச்.எஸ்.எஃப்.1 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். குலைந்த புரதங்கள் பெருகியதும் அதை விட்டுவிட்டு அவற்றைக் காக்கப் போய்விடும். விடுபட்ட எச்.எஸ்.எஃப்.1 மும்மூன்றாகச் சேர்ந்து டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, மேலும் மேலும் எச்.எஸ்.பி. தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். வழக்கமான உற்பத்தியைச் செல் குறைத்துக்கொள்ளும். பால் குறைவதற்குத் தீவனம் எடுக்காதது மட்டுமே காரணமல்ல.

இது கோடைதோறும் நடக்கும் தற்காப்பு. பிறவியிலேயே வெயில் தாங்கும் மாடுகளும் உண்டு. கரீபியக் கடலில் செயின்ட் குரோய் தீவில் உருவான செனபோல் இனத்துக்கு உடலோடு ஒட்டிய, வழவழப்பான குட்டை முடி. நியூசிலாந்தில் இதற்கு நேர்மாறு: ஒரு காளையின் வழியில் பிறந்த கிடேரிகள் பல, கம்பளி போர்த்தியதுபோல் முடி அடர்ந்து, மிதமான வெயிலிலேயே தவித்தன. கன்று ஈன்ற பிறகும் அவற்றுக்குப் பால் சுரக்கவில்லை.

முடிக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? 2014இல் வெளியான ஆய்வு இரண்டு மாடுகளின் கதையையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன்தான் அந்த இடம். நியூசிலாந்து மாடுகளில் அந்த ஹார்மோனின் மரபணுவிலேயே ஓர் எழுத்து மாறியிருந்தது. செனபோலில் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதனால் ஏற்பியின் வால்பகுதியில் 120 அமினோ அமிலங்கள் இல்லாமலே போயின. இத்தனை பெரிய துண்டு போயும் பால் சுரப்பு கெடவில்லை, முடி மட்டும் குட்டையானது. எனக்கு இதில் தீராத வியப்பு.

இந்தக் குணத்தைக் கலப்பின வழியில் பெற்ற ஹோல்ஸ்டீன் பசுக்கள் புவர்ட்டோ ரிக்கோவிலும் புளோரிடாவிலும் இருக்கின்றன. வெயில் வேளையில் அவற்றின் உடல் வெப்பம் மற்ற ஹோல்ஸ்டீன்களைவிடக் குறைவு. கோடையில் பால் சரிவதும் குறைவு. மரபணுத் திருத்தத்தால் இதே மாற்றத்தைப் பெற்ற இறைச்சி மாடுகளை, ஆபத்து குறைந்தவை என்று 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வகைப்படுத்தியது.

ஆனால் பால்பண்ணைக்குத் திருத்தம் கட்டாயமில்லை என்றே நினைக்கிறேன். இந்த மரபணு ஒரு பிரதி இருந்தாலே குணம் வெளிப்பட்டுவிடும். இரண்டு பிரதியும் உள்ள காளையின் விந்தைச் சினை ஊசியாகப் போட்டால், பிறக்கும் கன்றுகள் அத்தனைக்கும் குட்டை முடி கிடைத்துவிடும்.