கல்லுக்குள் ஒளிந்திருந்த 72-ம் நம்பர்! கணக்குப் போட்டுப் பிடித்தார்கள்

தங்கம், இரும்பு, செம்பு, கந்தகம் ஆகியவை மூலகங்கள். ஒரு மூலகத்தை இன்னது என்று எப்படி அறிவது? நிறத்தைப் பார்க்கலாம். எடை போட்டுப் பார்க்கலாம். தீயில் காட்டிப் பார்க்கலாம்.

ஆனால், கண்ணில் படாத ஒரு மூலகத்தை, "அது இப்படித்தான் இருக்கும்" என்று கணக்குப் போட்டே சொன்னார் ஒருவர். அவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி நீல்ஸ் போஹ்ர்.

காலி இடம்

இங்கிலாந்தில் மோஸ்லி என்ற இளம் விஞ்ஞானி இருந்தார். ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய எக்ஸ்ரே கதிரை வெளியிடுகிறது என்பதை 1913-ம் ஆண்டில் அவர் காட்டினார். அந்தக் கதிரைக் கொண்டு மூலகங்களுக்கு வரிசை எண் கொடுக்க முடிந்தது. இரும்புக்கு 26. தங்கத்துக்கு 79.

1915-ல் முதல் உலக யுத்தத்தில், கல்லிப்போலி போர்முனையில் மோஸ்லி குண்டடிபட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 27.

அவர் காட்டிய வழியில் மற்றவர்கள் வரிசையைச் சரி பார்த்தார்கள். 72-ம் இடம் காலியாக இருந்தது!

கோவில் பிராகாரம் போல

அணுவின் நடுவே கரு இருக்கிறது. அது கர்ப்பக்கிரகம் போன்றது. அதைச் சுற்றிப் பிராகாரங்கள். அவற்றில் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. முதல் பிராகாரத்தில் 2 எலெக்ட்ரான்களுக்குத்தான் இடம். அடுத்ததில் 8. அதற்கடுத்து 18. நான்காவதில் 32.

2, 8, 1 என்று இருந்தால் மொத்தம் 11. அது சோடியம். நாம் சமையலுக்குப் போடும் உப்பில் இருப்பது. 2, 8, 8, 1 என்றால் மொத்தம் 19. அது பொட்டாசியம். விறகுச் சாம்பலில் இருப்பது.

இரண்டிலும் வெளிப் பிராகாரத்தில் ஒரே ஓர் எலெக்ட்ரான்தான்! அதனால் இரண்டின் குணமும் ஒன்று போல் இருக்கிறது. இரண்டுமே தண்ணீரில் பட்டால் சீறும். மொத்த எண்ணிக்கை பெயரைச் சொல்லும். வெளியே இருப்பது குணத்தைச் சொல்லும்.

எந்தக் குடும்பம்?

57 முதல் 71 வரை உள்ள மூலகங்களுக்கு 'அரிய மண்' குடும்பம் என்று பெயர். இவற்றில் புதிதாகச் சேரும் எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் உள்ளே நான்காவது பிராகாரத்துக்குப் போய்விடுகின்றன. வெளியே அதிக மாற்றம் இல்லை. ஆகவே எல்லாம் ஒரே குணம்.

72-ம் இந்தக் குடும்பம்தான் என்று பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி உர்பேன் சொன்னார். 1911-லேயே அதற்கு 'செல்டியம்' என்று பெயர் வைத்திருந்தார். 1922-ல் டோவில்லியே என்பவர் எக்ஸ்ரே சோதனை செய்து, அது சரி என்றார்.

போஹ்ரின் கணக்கு வேறு. 71-லேயே நான்காவது பிராகாரம் நிறைந்துவிட்டது. 72-வது எலெக்ட்ரானுக்கு அங்கே இடம் இல்லை. அது வெளியேதான் நிற்க வேண்டும். எனவே 72 அரிய மண் அல்ல, சிர்கோனியத்தின் தம்பி!

பாரிஸ் செய்தி உண்மையானால் போஹ்ரின் கணக்குத் தப்பு. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டெலிபோன் வந்தது

கோபன்ஹேகன் நகரில் போஹ்ரின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருவர் வேலையில் இறங்கினார்கள். ஒருவர் ஹாலந்து நாட்டு காஸ்டர். மற்றவர் ஹங்கேரி நாட்டு ஹெவெசி. சிர்கோனியத்தின் தம்பி என்றால், சிர்கோனியம் உள்ள கல்லில்தானே தேட வேண்டும்? நார்வே நாட்டுக் கல்லை எக்ஸ்ரே சோதனைக்கு எடுத்தார்கள். 72-க்கு உரிய கோடுகள் பளிச்சென்று தெரிந்தன!

அந்தச் சமயம் போஹ்ர், நோபல் பரிசு பெறுவதற்காக ஸ்டாக்ஹோம் போயிருந்தார். அவருக்கு காஸ்டர் டெலிபோன் செய்தார். 1922 டிசம்பர் 11-ந் தேதி, தம் சொற்பொழிவின் முடிவில் போஹ்ர் அந்தச் செய்தியை அறிவித்தார்.

கோபன்ஹேகனுக்கு லத்தீன் மொழியில் 'ஹாப்னியா' என்று பெயர். அதனால் புது மூலகத்துக்கு 'ஹாப்னியம்' என்று பெயர் சூட்டினார்கள்.

சிர்கோனியம் 1789-லேயே தெரிந்த மூலகம். அண்ணனோடு சேர்ந்தே இருந்த தம்பியை 133 ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை!

அண்ணன் சிர்கோனியத்தில் எலெக்ட்ரான்கள் 2, 8, 18, 10, 2. தம்பி ஹாப்னியத்தில் 2, 8, 18, 32, 10, 2. கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். ஒற்றுமை புரியும்.

அணு உலையில்

ஆனால் அணு உலையில் இரண்டும் எதிரும் புதிரும். சிர்கோனியம் நியூட்ரான்களைத் தாராளமாகப் போக விடும்; ஹாப்னியமோ விழுங்கிவிடும். ஆகவே எரிபொருள் குழாய்க்கு அண்ணன்; உலையை அடக்கும் தண்டுக்குத் தம்பி. இரண்டையும் பிரித்த பிறகே பயன்படுத்த முடியும்.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து 'சிர்கான்' பிரித்து எடுக்கிறார்கள். சிர்கானில் ஹாப்னியமும் சிறிதளவு உண்டு. அந்த மணலில் நடப்பவர்களின் காலடியிலேயே 72-ம் நம்பர் கிடக்கிறது!