செட் மட்டையா? தனி மட்டையா?
கோல்ப் ஆட்டக்காரர்களைக் குழப்பும் கேள்வி

கைதேர்ந்த தச்சரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாலைந்து உளிகள் ஒரே ஜாதியாக, ஒரே பிடியோடு இருக்கும். ஒன்றிரண்டு மட்டும் தனி ரகமாக இருக்கும். அவற்றை அவர் யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார்! பொது வேலைக்கு செட் போதும், நுணுக்க வேலைக்குத் தனிக் கருவி வேண்டும். யானைக்கவுனியில் மரவேலை செய்பவர்களுக்கு இதை நாம் சொல்லவேண்டியதில்லை.

கோல்ப் ஆடுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. அந்த ஆட்டத்தைப் பார்க்க வடசென்னைவாசிகள் நந்தனம்வரை போகவேண்டும். அங்கே 18 குழி மைதானம் இருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலும் நெடுங்காலம் கோல்ப் ஆடினார்கள். அந்த நிலத்தை 2024-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது.

வெட்ஜ் என்றால் என்ன?

கோல்ப் ஆட்டக்காரரின் பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக்கூடாது. 1938-ல் அமெரிக்காவிலும் 1939-ல் பிரிட்டனிலும் வந்த விதி இது. மரமட்டை தூரத்துக்கு, இரும்பு மட்டை நடுத் தூரத்துக்கு. கடைசி 100 கஜத்துக்குள் வந்துவிட்டால் 'வெட்ஜ்' என்ற மட்டைகள்தான் துணை. இவற்றின் முகம் நன்றாகச் சாய்ந்திருக்கும். அதனால் பந்து உயரே எழும்பி, மெத்தென்று விழுந்து, குழிக்குப் பக்கத்தில் நிற்கும்.

இவற்றில் நாலு வகை. 'பிட்சிங்' வெட்ஜ் சுமார் 45 டிகிரி சாய்வு. 'கேப்' வெட்ஜ் 50 முதல் 52. மணலுக்கான 'சாண்ட்' வெட்ஜ் 54 முதல் 56. மிக உயரே தூக்கும் 'லாப்' வெட்ஜ் 58 முதல் 60. இரும்பு மட்டை செட்டோடு வருகிற வெட்ஜையே வைத்துக்கொள்வதா, தனியாக வெட்ஜுக்கென்றே செய்ததை வாங்குவதா? இதுதான் கேள்வி.

தச்சர் மகன் செய்த தந்திரம்

தனி மட்டைக்கு ஒரு சுவையான சரித்திரம் உண்டு. ஜீன் சாரசன் என்பவர் அமெரிக்காவில் குடியேறிய ஓர் இத்தாலியத் தச்சரின் மகன். சிறு வயதில் பணக்காரர்களின் கோல்ப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். பெரிய ஆட்டக்காரரான பிறகும் மணற்பள்ளம் என்றால் அவருக்குக் கிலி. அந்நாளைய மட்டையின் கூரான அடிவிளிம்பு மணலுக்குள் கத்திபோல் இறங்கிவிடும். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும்!

விமானம் மேலே கிளம்பும்போது வால் கீழே தாழ்வதை அவர் கவனித்தார். மட்டையின் அடிப்பாகத்தையும் அப்படித் தாழ்த்தினால் என்ன? புளோரிடாவில் தம் பட்டறையில் உட்கார்ந்து, மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்தார், அரத்தால் ராவினார், மணலில் அடித்துப் பார்த்தார், மறுபடி ராவினார். பட்டறை வேலை தெரிந்த திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்தப் பாடு நன்றாகப் புரியும். கடைசியில் மட்டை மணலைக் குடையாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. 1932-ல் இங்கிலாந்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்கு அதைக் கொண்டுபோனார். அதிகாரிகள் தடுத்துவிடுவார்களோ என்று பயந்து, மாலையில் கோட்டுக்குள் மறைத்து எடுத்துச் சென்றாராம்! 283 அடிகளில் முடித்து, 5 அடி வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். அந்த அடிப் புடைப்பைத்தான் இன்று 'பவுன்ஸ்' என்கிறார்கள்.

செட்டின் சௌகரியம்

செட்டோடு வரும் வெட்ஜ் சளைத்ததல்ல. தண்டு, எடை, பிடி எல்லாம் மற்ற இரும்பு மட்டைகளைப் போலவே இருக்கும். முழு வீச்சு வீசும்போது கை தடுமாறாது. பல செட்டுகளில் மட்டையின் பின்புறம் குடைந்து, கனத்தை ஓரத்துக்குத் தள்ளியிருப்பார்கள். அதனால் பந்து நடுவில் படாவிட்டாலும் அதிகம் கெடாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் ஒரு சங்கதி. முன்பெல்லாம் பிட்சிங் வெட்ஜ் 48, 50 டிகிரி இருந்தது. பந்து தூரம் போகிறது என்று காட்டுவதற்காக இப்போது பல செட்டுகளில் 43, 44 என்று நிமிர்த்திவிட்டார்கள். அதற்கடுத்து 56 டிகிரி மட்டையை வைத்தால் நடுவே 12 டிகிரி பள்ளம்! நாலு முதல் ஆறு டிகிரிக்கு ஒரு மட்டை என்று படிக்கட்டுபோல் அமைவதே முறை. ஆகவே வாங்குமுன் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்ணும் காற்றும்

தனி மட்டையின் பலம் அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது. கனமான தலை, பந்தைச் சுழலவைக்கும் கூரிய வரிகள், விருப்பம்போல் தேர்ந்தெடுக்கப் பல பவுன்ஸ் அளவுகள். சித்திரை, வைகாசி வெயிலில் சென்னைத் தரை கட்டாந்தரையாகிவிடும். அங்கே 12 டிகிரி பவுன்ஸ் உள்ள மட்டை தட்டித் துள்ளி, பந்தின் மண்டையில் அடிக்கும். ஐப்பசி மழையில் சேறானபின்போ குறைந்த பவுன்ஸ் மட்டை மண்ணில் புதையும். ஊட்டி, கோடைக்கானல் புல்தரையும் மெத்தென்றது. புடைப்பு கூடுதலாக வேண்டும். சென்னையிலேயே ஆடுகிறவருக்கு 8 முதல் 10 டிகிரி நடுத்தரமே நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. குரோமியப் பூச்சு இல்லாத தனி மட்டைகளும் விற்கிறார்கள். ராயபுரம், எண்ணூர் உப்புக் காற்றில் இரும்புக் கதவு படும் பாடு நமக்குத் தெரியாதா? அந்த மட்டைக்கும் அதே கதிதான்.

பை தூக்கியவர்களின் பாடம்

பை தூக்குபவரை ஆங்கிலத்தில் 'கேடி' என்பார்கள். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டாகையால் வம்பு வேண்டாம்! கல்கத்தாவில் மைதானப் புல்லைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. பை தூக்கி, பார்த்துப் பார்த்தே பழகியவர். நெடுந்தூரம் அடிக்கும் பலம் அவருக்கு இல்லை. குழியருகே காட்டும் சாமர்த்தியத்தாலேயே 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தையும் தட்டிக்கொண்டுபோனார். சாமானிய வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டது அந்தக் கடைசிச் சில கஜ ஆட்டம்தான். அவனால் 14 மட்டையும் உயர்ந்த ரகத்தில் வாங்க முடியாது. ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால் எது என்பதே அவனுக்குப் பிழைப்பு.

என்ன செய்யலாம்?

ஒரு நாள் ஆட்டத்தில் கணக்கு எழுதுங்கள். ஒவ்வொரு வெட்ஜாலும் முழு வீச்சு எத்தனை? மணலிலிருந்தும் குழியருகிலிருந்தும் அளந்து அடித்தது எத்தனை? முழு வீச்சுக்குப் பயன்படுவது செட் மட்டையாகவே இருக்கட்டும். பிட்சிங்கும், பெரும்பாலும் கேப்பும் இதில் அடங்கும். அளந்து அடிக்கும் மட்டையைத் தனியாக வாங்குங்கள். அது சாண்ட் வெட்ஜ். லாப் வெட்ஜ் கடைசியில் வரட்டும். பழகாத கையில் அது பந்தை நேர் மேலே தூக்கி, நேர் கீழே போடும்.

காசு இருக்கிறதென்று நாலையும் தனியாக வாங்கிவிட்டுப் பழகாமல் இருந்தால்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்!