கடல் கடந்த நாமகரணம்

பிறந்த குழந்தையைத் தொட்டிலிலிட்டு, அத்தை முறையானவள் அதன் செவியருகே குனிந்து மும்முறை பெயரைச் சொல்லி, சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாவில் வைக்கின்ற வழக்கம் இன்றும் நம் வீடுகளில் இருந்து வருகிறது. பதினோராம் நாளோ, பதினாறாம் நாளோ, முப்பதாம் நாளோ, அவரவர் குல ஆசாரம் எதுவோ அதுவரையில், நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தையும் குலதெய்வத்தையும் பாட்டியின் பெயரையும் மனத்தில் நிறுத்திப் பெரியவர்கள் சாவகாசமாக ஆலோசித்து முடிவு செய்ய இடமிருந்தது. நம் தேசத்துச் சட்டமும் இந்த நிதானத்துக்கு இடம் கொடுத்தே இருக்கிறது. பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். கடல் கடந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கு அந்த அவகாசம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பிரான்சில் 5 நாட்களுக்குள் பெயரோடு பதிந்தாக வேண்டும். இங்கிலாந்தில் பிறப்பைப் பதிய 42 நாட்கள் கொடுக்கிறார்கள். ஜெர்மனியிலோ ஒரு வாரத்துக்குள் பிறப்பைத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

பெண் குழந்தை பிறக்கப் போகிறது என்று எதிர்பார்த்திருக்கும் இத்தகைய பெற்றோர் பலரிடம் ஒரே விருப்பம் இரண்டு முகத்தோடு வெளிப்படுவதைக் காண்கிறோம். வகுப்பில் இன்னும் மூன்று பேருக்கு இருக்கிற பெயராக அது இருக்கக் கூடாது. அதே சமயம், யாழ்ப்பாணத்திலோ கும்பகோணத்திலோ உள்ள பாட்டிக்கும், டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ உள்ள ஆசிரியைக்கும் ஒருங்கே வாயில் நுழைய வேண்டும். அபூர்வமும் எளிமையும் சேர்ந்திருக்க வேண்டுமென்ற இந்த ஆசை நியாயமானது என்பதிலும், அதை நிறைவேற்ற நம் பாஷையை விட்டு வெகுதூரம் போக வேண்டிய அவசியமில்லை என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழினி என்பது எத்தனை இனிமையான பெயர்! ஆயினும் ஆங்கில எழுத்தில் ழகரத்துக்காக நாம் வழக்கமாக இடுகிற இரண்டு எழுத்துக்களை, நம் வழக்கம் அறியாத ஓர் ஆசிரியை, அவளுக்குத் தெரிந்த முறைப்படி 'யாஸ்ஹினி' என்றுதான் வாசிப்பாள். குழந்தை முதல் வாரம் திருத்துகிறது, இரண்டாம் வாரமும் திருத்துகிறது, பிறகு அந்தத் தப்பான ஒலிக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிடுகிறது. வீட்டில் ஒரு பெயரும் வெளியில் அதன் சிதைந்த உருவமுமாக ஒரு பெண் வளர்வது எனக்குச் சம்மதமில்லை. ழகரமும் ணகரமும் றகரமும் இல்லாமல், மகரம், நகரம், லகரம், ககரம் போன்ற எங்கும் வழங்குகின்ற மெய்கள் உயிரோடு மாறி மாறி வருகின்ற, இரண்டு மூன்று அசைக்குள் அடங்குகின்ற பெயர்கள் அதிகச் சேதமின்றிப் பிரயாணம் செய்கின்றன. சேதமே இராது என்று சொல்வதற்கில்லை. லகரமும் ரகரமும் தனித்தனியே இல்லாத ஜப்பானிய மொழியில் நம் லீலா 'ரீரா' ஆகிவிடுகிறாள்.

மீரா, மாயா, தாரா ஆகிய மூன்றும் இவ்வகையில் முன்னரே உலகைச் சுற்றி வந்தவை. மேவார் தேசத்துப் பக்தையின் பெயரே ஸ்லாவிய மொழிகளில் சமாதானத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த பெயராகவும் இருக்கிறது. திமிங்கல நட்சத்திர மண்டலத்தில் ஒளி மங்கியும் வளர்ந்தும் தோன்றுகிற ஒரு விண்மீனுக்கு, அதிசயம் என்ற பொருளில், பதினேழாம் நூற்றாண்டில் அப்பெயரையே ஹெவேலியஸ் என்ற வான சாஸ்திரி இட்டார். மாயா பிளிசெட்ஸ்காயா ரஷ்ய நாட்டியத்தின் சிகரம். தாரா அயர்லாந்தின் பழைய அரசர்களோடு சம்பந்தப்பட்ட ஒரு குன்று. ஆனால் இந்த வசதியை எல்லோரும் கண்டுகொண்டுவிட்டபடியால், இவற்றை அபூர்வமான பெயர்கள் என்று இனிச் சொல்ல முடியாது.

அபூர்வத்தைத் தேடுகிறவர்களுக்கு நான் மனமாரச் சிபாரிசு செய்கிற பெயர் அல்லி. இரவில் மலர்கிற நீர்ப்பூவின் பெயர் அது; மதுரையை ஆண்டதாக நாட்டுக் கதைகள் போற்றுகிற அல்லி அரசாணியின் பெயரும் அதுவே. அம்மானையாகவும் கூத்தாகவும் கிராமந்தோறும் ஒரு காலத்தில் ஒலித்த அந்தப் பெயரை இன்று பள்ளி வருகைப் பதிவேட்டில் தேடினாலும் எளிதில் காண முடிவதில்லை. வெளிநாட்டிலோ அதற்கு எந்தத் தடையுமில்லை. ஆங்கிலேயர் அதைக் கேட்டவுடன் ஆலிஸ், ஆலிசன் முதலிய பெயர்களின் செல்ல உருவமாக எண்ணிக்கொள்வார்கள். ஃபின்லாந்திலோ அல்லி என்றே பெண்களுக்குப் பெயர் உண்டு, அங்கு அது நீண்ட வாலுடைய ஒரு கடல் வாத்தின் பெயர். குளத்திலே பூக்கிற மலரும் குளிர்ந்த கடலிலே நீந்துகிற பறவையும் ஒரே ஒலியில் சந்திக்கின்றன என்பதில் எனக்கு உண்டாகிற சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. நிலா, இனியா, கோதை, அமுதசுரபியில் முதற்பிச்சை இட்ட ஆதிரை என்று நம் களஞ்சியத்தில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

நம்முடைய நல்ல பெயருக்குப் பிற மொழியில் விபரீதமான அர்த்தம் ஏதேனும் இருந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. மாலா என்பது ஸ்பானிய மொழியில் 'கெட்டவள்' என்று பொருள்படும் என்பது உண்மைதான்; உமா என்றால் ஜப்பானியருக்குக் குதிரை. எனவே, குழந்தை வளரப் போகிற ஊரின் பாஷையையும் அதற்கு அண்டையிலுள்ள பாஷைகளையும் விசாரித்துக்கொள்வது விவேகம். அதற்குமேல் உலகத்து மொழிகள் அனைத்தையும் துருவிக்கொண்டிருப்பது வீண் கவலை. கமலா என்னும் ஒலி ஃபின்னிஷ் மொழியில் 'பயங்கரமான' என்று பொருள்படுகிறது; சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற ஒரு தாய் சூட்டிய அந்தப் பெயரோடுதான் கமலா ஹாரிஸ் 2021-இல் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியானார்.

சட்டத்தின் குறுக்கீடும் சில தேசங்களில் உண்டு. இந்தியப் பின்னணி கொண்ட ஒரு குடும்பம் ஜெர்மனியில் தங்கள் மகளுக்குக் கிரண் என்று பெயரிட, அது ஆண்பாலா பெண்பாலா என்று விளங்கவில்லையாதலால் பெண்ணென்று காட்டும் மற்றொரு பெயரும் வேண்டுமென்று பதிவு அலுவலகத்தார் மறுத்தார்கள். வழக்கு அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரையில் போயிற்று. பெயரைக்கொண்டே பாலை அறிந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, குழந்தையின் நலனுக்குக் கேடு வராமலிருந்தால் போதும் என்று 2008 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. ஒளிக்கதிர் என்று பொருள்படுகிற ஒரு பெயருக்காக அந்தப் பெற்றோர் காட்டிய உறுதி போற்றத்தக்கது. ஐஸ்லாந்தில் 1991-இல் ஏற்பட்ட பெயர்க்குழு, தங்கள் மொழியின் வேற்றுமை உருபுகளை ஏற்காத பெயர்களை நிராகரிக்கிறது. இளங்காற்று என்று பொருள்படும் 'ப்ளைர்' என்ற பெயர் இலக்கணத்தில் ஆண்பாற்சொல்லாயிருந்த காரணத்தால், அப்பெயருடைய ஒரு பெண் தன் 15-ஆம் வயதுவரை அரசாங்க ஆவணங்களில் வெறும் 'சிறுமி' என்றே குறிக்கப்பட்டாள். 2013-இல் நீதிமன்றம் அவளுடைய பெயரை அவளுக்கு அளித்தது.

நீண்ட பெயரின்மீது பற்றுள்ளவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுப் பெயர் ஒன்றும் ஊருக்குரிய பெயர் ஒன்றுமாக வைத்துக்கொள்வது நம்மவர் வெகு காலமாக அறிந்த முறையே. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுபிராயத்தைக் கழித்த பாடகி மாதங்கி அருள்பிரகாசம் மாயா என்றே அழைக்கப்பட்டவர். தம் இசைத்தொகுப்புக்களில் முதலாவதற்குத் தந்தையின் பெயரையும் இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் இட்டவர், 2010-இல் மூன்றாவதற்கு மாயா என்றும் 2013-இல் நான்காவதற்கு மாதங்கி என்றும் பெயரிட்டார். குறுகிய பெயர் முழுப்பெயரை அழித்துவிடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

எழுத்துக்கூட்டல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாயிருத்தல் நலம். எண்கணிதத்தை முன்னிட்டு ஆங்கிலத்தில் ஓர் உயிரெழுத்தை இரட்டித்தும், தேவையில்லாத ஓரெழுத்தைச் சேர்த்தும் எழுதுகிறபோது, உள்ளூரில் அதனால் பாதகமில்லை. வெளிதேசத்தில் ஒவ்வொரு எழுத்தும் உச்சரிக்கப்பட்டு, பெயர் உருமாறிப்போகிறது. முடிவு செய்வதற்கு முன் பெயரை ஒரு தாளில் எழுதி, அவ்வூர்க்காரர் ஒருவரிடம், எப்படி உச்சரிப்பது என்று முன்கூட்டிச் சொல்லாமல் வாசிக்கக் கொடுங்கள். அவர் வாயிலிருந்து வருவதுதான் இனிப் பல ஆண்டுகள் உங்கள் மகளின் செவியில் விழப்போவது.

கடைசியாகத் தகப்பனார் பெயர். நாம் முதலெழுத்தாக்கி முன்னால் வைப்பதை மேல்நாட்டார் குடும்பப் பெயராக்கிப் பின்னால் கேட்கிறார்கள். கடவுச்சீட்டில் அந்த இடத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் குழந்தையின் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் 'எஃப்.என்.யு.' என்ற மூன்றெழுத்து அதன் இடத்தில் ஏறிவிடும். ஆகையால் தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ முழுமையாக அந்த இடத்தில் இட்டு, அது சிவசுப்பிரமணியம் போல் நீண்டதாயிருந்தால் முன்னால் வருகிற பெயரைச் சுருக்கமாகத் தேர்ந்து, மூத்தவளுக்கு எழுதிய அதே எழுத்துக்கூட்டலை அடுத்து வருகிற குழந்தைகளுக்கும் பிசகாமல் எழுதிவருவது, ஒவ்வோர் எல்லையிலும் இவர்கள் உடன்பிறந்தவர்கள்தாமா என்று கேட்கப்படும் தொல்லையையும் தவிர்க்கும்.