ஏரிக்கரையில் இரு தொழுகைகள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைக் கேள்விப்படாதார் குறைவு. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், மிளகுக் கொடிகளும் காப்பித் தோட்டங்களும் சூழ்ந்த செம்மேடு என்னும் சிற்றூர் எதிர்ப்படும். அதனருகே வாசலூர்ப்பட்டியில் சிறியதோர் ஏரியும் படகுத்துறையும் உண்டு. சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமையன்று நண்பரொருவருடன் அங்குச் சென்று வந்தேன். வெள்ளியன்று புறப்படுவதை வேண்டுமென்றே தவிர்த்தோம். வழியில் ஜும்ஆ கிட்டாது எனத் தெரிந்தும் வெள்ளி வைகறைக்குப் பின் பயணம் புறப்படுதல் ஷாபிஈ மத்ஹபில் கூடாது. உல்லாசத்தின் பொருட்டு ஜும்ஆவைக் கைவிடுவோர் இதனைக் கவனிப்பார்களாக.

நண்பர் காயல்பட்டினத்தார், திருச்சியில் வாணிபம் செய்பவர், ஷாபிஈ. நானோ திருச்சி ராவுத்தர் குடும்பத்தவன், ஹனபி. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் கஸ்ருக்கு, ஊர் எல்லையிலிருந்து ஒருவழித் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் இருத்தல் வேண்டும் என்பது நம்மவரிடையே வழங்கும் கணக்கு. திருச்சியிலிருந்து நாமக்கல் வழியே கொல்லிமலை 100 கிலோமீட்டரைத் தாண்டும். ஆகவே எங்களிருவருக்கும் கஸ்ர் உண்டு. நாமக்கல்லிலிருந்தே செல்வோர்க்கு அத்தூரம் எட்டாது. சுற்றுலா என்றாலே இரண்டு ரக்அத் என எண்ணுவது தவறு.

லுஹருக்கு ஏரிக்கரையில் ஒளுச் செய்தோம். எதிரே நீர் ததும்பி நின்றது. ஆயினும் நண்பர் ஒரு சிறு செம்பளவோடு நிறுத்திக்கொண்டார். இரு கை ஏந்தும் அளவாகிய ஒரு ‘முத்’ நீரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுச் செய்தார்கள் என்னும் நபிமொழியை நான் ஓதியதுண்டு. ஒருவர் அவ்வாறு செய்யக் கண்டது அன்றுதான்.

மேற்குக்குச் சற்று வடக்காக அவர் இமாமாக நின்றார். நான் அவர் வலப்புறம் நின்றேன். பயணத்தில் சுருக்குவது ஹனபிக்கு வாஜிப், ஷாபிஈக்குச் சலுகையே. அவர் நான்காகவும் தொழுதிருக்கலாம். என்னை எண்ணி இரண்டாக முடித்தார். பின்னர் இகாமத் சொல்லி அஸரையும் முற்படுத்தித் தொழுதார். ஹஜ்ஜின்போது அரபாவிலும் முஸ்தலிபாவிலும் அன்றி, இவ்வாறு சேர்த்துத் தொழுதல் ஹனபி மத்ஹபில் இல்லை. ஆதலின் நான் அமர்ந்திருந்தேன்.

சிக்கல் பிறகுதான் எழுந்தது. 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கையைக் காண ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். வாடகைக் காரின் ஓட்டுநரோ, இருட்டுமுன் வளைவுகளைக் கடந்தாக வேண்டும் என்று விதித்துவிட்டார். எனக்கு அஸர் நேரம், நிழல் இருமடங்கான பின்னரே. நண்பரின் கணக்குக்கு ஏறத்தாழ ஒரு மணி பிந்தியது. அருவிக்குச் சென்று மீண்டால், என் தொழுகை வெயில் மஞ்சளிக்கும் வேளைக்குத் தள்ளிப்போகும்.

அருவியைக் காணவே வந்தவர் நண்பர். “நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்றேன்.

“உங்களை விட்டுவிட்டுப் பார்ப்பதற்கு அருவி எதற்கு, காக்கா?” என்றார்.

மலைவாழைப் பழம் உண்டு, ஏரியை நோக்கியவாறு அமர்ந்திருந்தோம். வக்து வந்ததும் தொழுதேன். தம் கடமையை முன்னரே முடித்தவர், என் பையையும் செருப்பையும் காத்திருந்தார்.

மஃரிபுக்குக் காரவள்ளியை அடைந்தோம். அதில் கஸ்ர் இல்லை. இருவருக்கும் மூன்றே ரக்அத். இம்முறை என் தோளைப் பற்றி முன்னே நிறுத்தினார் அவர்.