சின்யோரும் அண்ணாவும்

ஷேக்ஸ்பியரின் "வெனிஸ் வணிகன்" நாடகத்தில், கப்பல் வியாபாரி அந்தோணியோவை ஊரார் "சின்யோர் அந்தோணியோ" என்று அழைப்பார்கள். அது இத்தாலியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். நம்முடைய "ஐயா" மாதிரி. அதன் வேர் லத்தீன். பொருள் என்ன தெரியுமா? மூத்தவர்! பள்ளியில் "சீனியர்" என்கிறோமே, அதுவும் இதே வேர்தான்.

பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்திலும் இப்படி ஒரு மூத்தவர் உண்டு. அங்கே நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்தவர் சி. என். அண்ணாதுரை.

1967-ல் அவர் முதலமைச்சரானார். அரசாங்கக் காகிதங்களில் பெயருக்கு முன்னால் இருந்த "ஸ்ரீ", "ஸ்ரீமதி" போய், "திரு", "திருமதி" வந்தன. அமைச்சரும் திரு, தறியில் உட்காரும் நெசவாளியும் திரு!

ஆனால் அவரைக் கூப்பிடும்போது மட்டும் ஜனங்கள் வாயில் "திரு" வரவில்லை. பேரன் வயதுப் பையனுக்கும் அவர் "அண்ணா"தான்.