திருச்சி - யாழ்ப்பாணம்: கோவை போகிற தூரம்தான்!

திருச்சி விமான நிலையத்திலிருந்து கோவை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கி.மீ. சரி, அதே திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் எவ்வளவு தூரம் தெரியுமா? அதுவும் கிட்டத்தட்ட 185 கி.மீ.தான்! சென்னையிலிருந்து பலாலி சுமார் 355 கி.மீ. விமானத்தில் மதுரைக்குப் போவதைவிடக் குறைவு.

ஆனால் இந்தப் பக்கத்துத் தூரம், பல பத்தாண்டுகள் எட்டாத தூரமாக இருந்தது.

1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனம் பறக்கவிட்ட முதல் விமானமே கொழும்பு ரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, சென்னைக்கு வந்ததுதான். பிறகு போர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் வடக்கே இருக்கும் சென்னைக்கு வர, முதலில் தெற்கே போக வேண்டும். பஸ்ஸிலோ வேனிலோ ஏழெட்டு மணி நேரம் பயணம் செய்து கட்டுநாயக்க விமான நிலையம். அங்கிருந்து சுமார் 645 கி.மீ. பறந்து சென்னை. வைத்தியத்துக்கு வரும் வயதானவர்களுக்கு அந்தச் சாலைப் பயணமே பாதி நோய்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் போய் இறங்கியது. நாலே மாதத்தில் கொரோனா! மறுபடி 2022 டிசம்பரில்தான் சேவை தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் விமானம் கிளம்பியது.

இந்தத் தடத்தில் பறப்பது ஏ.டி.ஆர். ரக விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும், எழுபது சொச்சம் பேர் உட்காரலாம். மணிக்கு 500 கி.மீ. வேகம் என்று வைத்தால், திருச்சியிலிருந்து 22 நிமிடத்தில் போய்விட வேண்டுமே? டிக்கெட்டில் ஏன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று போடுகிறார்கள்?

டிக்கெட்டில் இருப்பது வானில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்தியிருந்த இடத்திலிருந்து விமானம் அசைவது முதல், அங்கே போய் நிற்பது வரை எல்லாமே கணக்கு. ஓடுபாதைவரை ஊர்ந்து போக வேண்டும், முறை வரக் காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. வான்வழிப் பாதையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருக்காது. தூரம் குறையக் குறைய, இந்த 'இதர' நேரம்தான் பெரிதாகத் தெரியும். சென்னையிலிருந்து இரண்டு மடங்கு தூரம். ஆனால் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகிறது.

வெளிநாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை எல்லாம் உண்டு. இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பறப்பதைவிட உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம்! கைக்கடிகாரத்தை மட்டும் தொட வேண்டாம். 2006 முதல் இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான்.