செப்புத் தகட்டில் ஒரு சமாதித் தோட்டம்

முகலாய அரசகுமாரர்களுள் மிகவும் துர்ப்பாக்கியசாலி யார் என்று கேட்டால், ஜஹாங்கீரின் மூத்த புதல்வரான குஸ்ரூவைத்தான் சொல்ல வேண்டும். 1606-ல் தந்தைக்கு விரோதமாகக் கலகம் செய்து தோற்று, கண்கள் குருடாக்கப்பட்டு, நெடுங்காலம் காவலில் இருந்து, 1622-ல் புர்ஹான்பூரில் மாண்ட அவருடைய சரீரம், முடிவில் அலகாபாத்தில் அவருடைய தாயார் ஷா பேகம் அடக்கமாகியிருந்த நந்தவனத்துக்கே வந்து சேர்ந்தது. உயர்ந்த மதில் சூழ்ந்த அந்த குஸ்ரூ பாக்கில், அடுக்கடுக்காக எழும் தாயின் சமாதியும், சகோதரி நிதார் பேகம் எழுப்பிய மண்டபமும், குவிமாடம் தாங்கிய குஸ்ரூவின் சமாதியும் வரிசையாக நிற்கின்றன.

இந்தக் காட்சியை மேல்நாட்டார் அறியச் செய்தவர்களுள் முக்கியமானவர்கள் தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர்கள். சிற்றப்பனும் அண்ணன் மகனுமான இவ்விருவரும் 1786-ல் கல்கத்தா வந்திறங்கி, வட இந்தியாவில் விஸ்தாரமாக யாத்திரை செய்து, 1792-ல் மதுரை, தஞ்சாவூர், இராமேசுவரம் முதலிய நம் ஊர்களுக்கும் வந்து சென்றனர். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான ‘ஓரியண்டல் சீனரி’ என்ற அவர்களுடைய தொகுதியில் உள்ள 144 சித்திரங்களில் குஸ்ரூவின் சமாதியும் ஒன்று.

இவை ‘அக்வாடின்ட்’ முறையில் அச்சிடப்பட்டவை. செப்புத் தகட்டின்மேல் குங்கிலியப் பொடியைக் கோலமாவுபோல் தூவிச் சூடேற்றி ஒட்டவைத்து, அமிலத்தில் இட்டால், பொடித் துகள்களின் இடைவெளிகளை மட்டும் அமிலம் அரிக்கும். அதிக நேரம் அரித்த இடம் அச்சில் அதிகக் கறுப்பாக விழும். அதன்மேல் கையால் நீர்வர்ணம் தீட்டுவார்கள். பூதக்கண்ணாடி வைத்து வானப் பகுதியைப் பார்த்தால், ஒழுங்கில்லாத நுண்ணிய வலைப்பின்னல் போன்ற துகள் தெரியும். ஓரங்களில் தகடு அழுந்திய பள்ளமும் தடவினால் விரலுக்குப் புலப்படும்.

வில்லை பொருத்திய பெட்டியின் உதவியால் கட்டடத்தின் பிம்பத்தைக் காகிதத்தில் விழச்செய்து வரைவது டானியல்களின் வழக்கமாதலால், அவர்கள் காட்டும் குவிமாடத்தையும் வளைவுகளையும் பெரும்பாலும் நம்பலாம். மரங்களையும் மனிதர்களையும் அமைத்த விதத்திலோ அக்காலத்து ரசனைக்கும் பங்குண்டு. பழைய அச்சுப்படம் வாங்க நினைக்கும் வாசகர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: துகளுக்குப் பதிலாகச் சீரான புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், அது பிற்காலத்துப் பிரதி, பழமைக்கு உரிய விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.